வலப்பக்கம் பார்த்த கீரி

கிரீச்சென்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் டக்கென்று ஒன்று. அதை வைத்துத்தான் உங்கள் கடையைக் கண்டுபிடித்தேன் அண்ணாச்சி. போர்டை எங்கே பார்த்தேன்? வெல்டிங் பட்டறைக்காரன் போர்டு உங்கள் போர்டை மறைத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி அறுக்கிற சத்தம் கேட்டால் எல்லாருக்கும் பல் கூசும். எனக்குக் கூசுவதில்லை. ஐஸ் பாக்டரியில் நைட் டியூட்டி. கம்ப்ரசர் சத்தம் காதுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. பகலில் வந்து படுத்தாலும் அது ஓடும். படுப்பேன், எழுந்திருப்பேன், வாசலுக்குப் போவேன், திரும்ப வந்து படுப்பேன். இன்றைக்குப் படுக்கவே இல்லை, நேரே இங்கே வந்துவிட்டேன்.

நீங்கள் கையில் இருக்கிற சாமி படத்தை முடியுங்கள். எனக்கு அவசரமில்லை. ஆனால் சும்மா உட்காரச் சொன்னால் மட்டும் என்னால் ஆகாது. அந்தப் பழைய சட்டத்தை இப்படித் தாருங்கள், ஆணி பிடுங்கித் தருகிறேன். குறடு இருக்கிறதா? போதும்.

பொட்டலத்தில் என்ன என்கிறீர்களா? பிரித்துப் பாருங்கள். கையில் வேர்வை இருந்தால் துடைத்துவிட்டுத் தொடுங்கள். கீரி. இரண்டும் பித்தளைக் கீரிதான். சிரியுங்கள், பரவாயில்லை. கீரிப்பிள்ளைக்குக் கண்ணாடிச் சட்டம் போட வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வல்லக்குறிச்சிப் பட்டாளம் கேள்விப்பட்டதுண்டா? இல்லையா? உங்கள் தப்பில்லை, எங்கள் ஊர்ப் பையன்களுக்கே தெரியாது. முதல் உலக யுத்தத்தில் எங்கள் ஜமீன் வெள்ளைக்காரனுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. ஆள் எல்லாம் சுற்றுவட்டாரம்தான். வெளியாள் ஒருவன் கிடையாது, அதிகாரியைத் தவிர. ஆள் வந்துவிட்டது, துப்பாக்கி வரவில்லை. பனைமட்டையைச் சீவித் தோளில் சாத்திக்கொண்டு டிரில் செய்திருக்கிறார்கள். இன்றைக்கும் எங்கள் ஊர்க் கபடி டீம் வெளியூர் போனால், "ஏலே, மட்டைப் பட்டாளம் வருதுலே" என்று விசிலடிப்பார்கள். அந்த மட்டையைத் தூக்கினவர்கள்தான் பிறகு பஸ்ரா வரைக்கும் போனார்கள். இரண்டாம் யுத்தத்தில் மறுபடியும் கூட்டி, பர்மாவுக்கு அனுப்பினான். யுத்தம் முடிந்ததும் கலைத்துவிட்டான். சாமானையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு கீரியை மட்டும் விட்டுவைத்தான்.

கீரி எப்படி வந்தது என்றால், அந்த மட்டை டிரில் நடக்கிறபோது ஒரு கீரி பாம்பைக் கவ்விக்கொண்டு வரிசைக்குள்ளே ஓடியிருக்கிறது. பாம்பு துள்ளுகிறது. ஒருவன்கூடக் காலை நகர்த்தவில்லை. துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதையே முத்திரையாக வைத்துவிட்டான். முதலில் அடித்த முத்திரையில் பாம்பும் உண்டு. மெல்லிசுப் பாம்பு, பொத்தானில் மாட்டி மாட்டி ஒடிந்துபோகும். அதனால் இரண்டாம் யுத்தத்தில் பாம்பை எடுத்துவிட்டார்கள். கீரியின் வாய் மட்டும் திறந்தபடியே இருக்கிறது பாருங்கள். எதைக் கடிக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. கீழே தமிழில் எழுதியிருக்கிறதா? 'பிடித்தால் விடேன்.' பின்னால் ஒரு துண்டு மஞ்சள் துணி வைத்துத் தைப்பார்கள், ஆவாரம்பூ நிறத்தில்.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை அண்ணாச்சி. எட்டாவதோடு நின்றவன் நான். டின்னில் தண்ணீர் ஊற்றிவிட்டால் ஐஸ் உறைகிற வரைக்கும் வேலை இல்லை. மற்றவர்கள் சாக்கை விரித்துத் தூங்குவார்கள். நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய புத்தகக் கடையில் கிடைத்த இங்கிலீஷ் பட்டாளச் சரித்திரத்தையெல்லாம் படித்தேன். ஒரு வரிக்கு ஒரு இரவு போன காலமும் உண்டு. ஊரில் எனக்கே 'கீரி' என்று பேர் வைத்துவிட்டார்கள். கோமதிநாயகம் என்று கேட்டால் வீடு தெரியாது. கீரி வீடு என்றால் குழந்தை கூடக் காட்டும்.

எங்கள் தாத்தா பால்வண்ணம் பர்மா போய் வந்தவர். இந்த இடப்பக்கம் பார்க்கிற கீரி அவருடையது. வல்லக்குறிச்சிக் கீரி இடப்பக்கம்தான் பார்க்கும். எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டுக் கீரி இடப்பக்கம் பார்க்கிறதே! அதை நான் கோயில் கொடைத் திருவிழா மலரில் கட்டுரையாகவே எழுதினேன். இதயம் இருக்கிற பக்கம் பார்க்கிறது, அதுதான் விசுவாசம் என்று விளக்கமும் கொடுத்தேன். கட்டுரை வந்த பிறகு வலப்பக்கம் பார்க்கிற கீரியைச் சில பேர் கொண்டுவந்து காட்டினார்கள். போலி என்று சொன்னேன். பேசாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். வேம்படித் தெரு மருதையா மட்டும் கோபத்தில் கிணற்றில் போட்டுவிட்டார். அது அவர் அவசரம். நானா போடச் சொன்னேன்?

எனக்கு ஒரே பெண். சங்கரி. பஜாரில் ஸ்டுடியோவில் வேலை, பழைய போட்டோவைக் கம்ப்யூட்டரில் புதுசாக்குகிற வேலை. அவளுக்குக் கீழப்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வந்தது. வைரவன் என்று பையன், பஸ் டிப்போவில் மெக்கானிக். அப்பா இல்லை. அம்மா செண்பகம், தாய்மாமன் தங்கப்பழம். அவளுக்கும் பையனுக்கும் ஏற்கெனவே பிடித்திருந்தது என்பது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும் போலிருக்கிறது. "எங்க பெரியவரும் பட்டாளந்தான் மச்சான்" என்று தங்கப்பழம் சொன்னதும் நான் சரியென்றுவிட்டேன்.

பட்டாளத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயதாம்பூலத்தன்று இரண்டு வீட்டுக் கீரியையும் ஒரே தட்டில், மஞ்சள் அரிசி மேல் வைத்த பிறகுதான் வெற்றிலை மாற்றுவது. பங்குனியில் நிச்சயம். கூடம் நிறைய ஆள். நான் எங்கள் கீரியை வைத்தேன். செண்பகம் மடியிலிருந்து முடிச்சை அவிழ்த்து அவர்கள் கீரியை வைத்தார்.

வலப்பக்கம் பார்க்கிறது.

தங்கப்பழம் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன மச்சான், ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிடுது. நம்ம பாக்க வேண்டிய பொருத்தத்தை இதுகளே பாத்துட்டுல்லா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சங்கரி கூட உள்ளே சிரித்தது கேட்டது.

நான் சிரிக்கவில்லை. "இது போலி" என்றேன்.

"யாரு சொன்னா?"

"நான் சொல்லுதேன்."

"நீங்க யாரு, கீரியப் பெத்த அப்பனா?"

அப்படிக் கேட்டால் கோபம் வருமா வராதா? எனக்கு அவர்கள் பெரியவரைப் பற்றியும் தெரியும். தவசி, பையனுடைய தாத்தா. பட்டாளத்தோடு போனவர்தான், பட்டாளத்துக்காரர் இல்லை. தோல்பையில் தண்ணீர் சுமந்தவர். சமையல், சவரம், தண்ணீர், இந்த ஆட்களுக்கு முத்திரை கிடையாது, மஞ்சள் துணி கிடையாது, துப்பாக்கி கிடையாது. புத்தகத்தில் இருக்கிறது. அதைத்தான் சொன்னேன். "தண்ணி தூக்கினவருக்கு ஏதுங்க கீரி? எவன் அச்சுல வார்த்துக் குடுத்தானோ" என்றேன். சபையில் உண்மையைச் சொல்வது குற்றமா?

செண்பகம் அரிசியிலிருந்து கீரியை எடுத்துத் துடைத்து முடிந்துகொண்டார். காபியைக் குடிக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்தார்கள். அந்தப் பையன் மட்டும் செருப்பை மாட்டாமல் கொஞ்ச நேரம் வாசலில் நின்றான். என்னையா பார்த்தான், உள்ளேயா பார்த்தான், தெரியவில்லை.

அதற்குப் பிறகு என் வீட்டில் பேச்சு இல்லை. பெண் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "அம்மா, அப்பாட்ட சொல்லு, சோறு போட்டாச்சுன்னு." நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். என் மனைவி இசக்கி, "கேட்டுச்சுல்லா, சாப்பிடுங்க" என்பாள். சித்திரை, வைகாசி, ஆனி, மூன்று மாதமும் இதேதான். வேலைக்குப் போனால் அங்கே கம்ப்ரசராவது சத்தம் போடுகிறது. வீட்டுக்கு வந்தால் அதுவும் இல்லை. தெருவில் இறங்கி நடப்பேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டில் போய்ப் புறப்படுகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வருவேன்.

ஒரு சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சங்கரி ஒரு பெரிய போட்டோவைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தாள். "பாத்துக்கிடுங்க" என்றாள். மூன்று மாதத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

எங்கள் வீட்டில் தொங்குகிற படம்தான். தாத்தாவும் கூட்டாளிகளும் பர்மாவுக்குக் கப்பல் ஏறுமுன் எடுத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். காலரில் ஏதோ புள்ளி மாதிரித் தெரியும், அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தில் மாட்டி எனக்குக் காட்டவேண்டும் என்று நிச்சயத்துக்கு முன்னாலேயே எடுத்துப்போய்ப் பெரிதாக்கி வைத்திருந்திருக்கிறாள். காலரை இப்போதுதான் உற்றுப் பார்த்தாளாம்.

பார்த்தேன். தாத்தா கழுத்தின் இரண்டு பக்கமும் கீரி. ஒன்று இப்படிப் பார்க்கிறது, ஒன்று அப்படிப் பார்க்கிறது. பக்கத்தில் நிற்கிறவனுக்கும் அப்படியே. அந்த வரிசையில் அத்தனை பேருக்கும்.

நான் இதைத் தொப்பியில் குத்துகிற முத்திரை என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்தேன்! காலரில் ஜோடியாகக் குத்துகிறது. ஒன்று இடம், ஒன்று வலம்.

உடனே ஒத்துக்கொள்ள முடியுமா? "நீ கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டுட்டே" என்றேன்.

"ஆமா, பட்டாளம் பூரா ஒவ்வொரு கழுத்தா உக்காந்து திருப்பிப் போட்டேன். எனக்கு வேற சோலியே இல்ல பாருங்க" என்று சொல்லி, போனை எடுத்து நீட்டினாள். வைரவன் வீட்டுக் கீரியின் பின்பக்கம். நம்பர் கொத்தியிருந்தது. எங்கள் கீரியைத் திருப்பிப் பார்த்தேன். இதுவும் அதுவும் ஒரே நம்பர். தாத்தா நம்பர்.

"அந்தப் போன் போட்டோ ஒனக்கு எப்படி வந்துதுன்னு கூட உங்கப்பாவுக்குக் கேக்கத் தோணல பாத்தியா" என்றாள் இசக்கி. உண்மைதான், எனக்கு அது அப்போது தோன்றவில்லை. நம்பர்தான் தெரிந்தது.

மறுநாள் காலை பாக்டரியிலிருந்து நேராகக் கீழப்பட்டி போனேன். மன்னிப்புக் கேட்கவா என்கிறீர்களா? இல்லை, அதை என் கண்ணால் பார்க்க வேண்டாமா? பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு போனேன். நல்ல வெயில். செண்பகம் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, "வாங்கண்ணே" என்று சொல்லி உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்தேன். அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். திருப்பினேன், பார்த்தேன். அதே நம்பர், அதே கொத்து.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "இது எங்க தாத்தாவோடது!" என்று கத்தியேவிட்டேன்.

தங்கப்பழம் கொல்லையிலிருந்து வந்தார். "போன தடவை போலி. இந்தத் தடவை திருட்டு. அடுத்த தடவை வர்றப்ப போலீஸையும் கூட்டிட்டு வாங்க மச்சான்" என்றார்.

"தம்பி, நீ சும்மா இரு" என்று செண்பகம் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார். "எங்க மாமனார் தண்ணிப் பை தூக்கினவருதாண்ணே. நாங்க எப்ப இல்லைன்னோம்? பர்மாக் காட்டுல தண்ணியில்லாம ஆளுக மாட்டிக் கெடந்தப்போ இவுக பையை முதுகுல கட்டிட்டு ஊர்ந்தே போயிருக்காக. குடிச்சுட்டு ஒருத்தரு, காலர்ல கெடந்த ஒத்தையைப் பிடுங்கிக் கையில வெச்சு, 'இது ஒனக்கும் உண்டுவே'ன்னாராம். யாருன்னு நாங்க கேப்போம். சொல்ல மாட்டாக. சொன்னா அவருக்குக் கெடுதல்னுவாக. சாகிற வரைக்கும் தண்ணி குடிக்கும் முன்னால இது இருக்கிற விளக்கு மாடத்தைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் குடிப்பாக."

எனக்கு மண்டைக்குள் ஒன்று பளிச்சென்றது அண்ணாச்சி. எங்கள் தாத்தாவுக்கு நாயக் பதவி வந்து கை எட்டுகிற தூரத்தில் நின்று போய்விட்டது. துரையை எதிர்த்துப் பேசினார், அதனால் போச்சு என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஆனால் அவர் கூட்டாளி ஒருவர், "சர்க்கார் சாமானத் தொலைச்சதுக்குத் தண்டனைடே" என்று ஒரு தடவை சொன்னது எனக்கு ஞாபகம். எதைத் தொலைத்தார் என்று இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இதோ என் கையில் இருக்கிறது!

"அப்ப எங்க தாத்தா நாயக் ஆகாமப் போனது உங்க ஆளாலதான்!" என்றேன்.

சரித்திரம் அண்ணாச்சி. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் வாய் சும்மா இருக்குமா?

செண்பகம் என் கையிலிருந்து கீரியை வாங்கினார். மாடத்துக்குப் போய் அதன் மஞ்சள் துணியையும் எடுத்துவந்தார். அதில் வைத்துச் சுற்றி மறுபடியும் என் கையிலேயே வைத்தார். "இந்தாங்கண்ணே. உங்க வீட்டுப் பொருள் உங்க வீட்டுக்கே வந்துட்டு. பிள்ளைய மட்டும் எங்களுக்குக் குடுத்துருங்க" என்றார்.

தங்கப்பழம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆவணியில் கல்யாணம். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே என்றுதானே யாருக்கும் தோன்றும்? வீட்டில் நுழைந்து இரண்டு கீரியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சங்கரி பார்த்தாள்.

"கேட்டு வாங்குனீகளா, அவுகளே குடுத்தாகளா?"

"அவுகளே குடுத்தாக."

"நீங்க என்ன குடுத்தீக?"

"கல்யாணத்துக்குச் சம்மதம் குடுத்தேன். வேற என்ன?"

"அப்ப என்னைய ஒரு பித்தளைக்கு மாத்திட்டு வந்திருக்கீக" என்றாள். அழவில்லை. சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். பெற்ற அப்பனிடம் பேசுகிற பேச்சா இது? நான் யாருக்காகக் கீழப்பட்டி வெயிலில் நடந்தேன்?

இசக்கி மறுநாள் சோறு போடும்போது கேட்டாள். "அந்த வீட்டு மாடத்துல இப்ப என்ன இருக்கு?"

"நான் கவனிக்கல" என்றேன்.

அவ்வளவுதான் கேட்டாள். அதிலிருந்து எனக்குப் பகல் தூக்கம் சுத்தமாகப் போச்சு. நேற்று ஐஸ் டின்னைத் தூக்கும்போது கூட கை நழுவிவிட்டது. பக்கத்தில் இருந்த பையன், "அண்ணே, உடம்புக்கு என்ன?" என்று கேட்டான். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஜோடியாகக் கீரி இருக்கிறது அண்ணாச்சி, தெரியுமா, எனக்குத் தெரிந்து வேறு எவனிடமும் ஜோடி கிடையாது. பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியதுதானே? எடுத்து வைத்துப் பார்க்கிறேன். ஒன்றை ஒன்று வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறது. மறுபடியும் பொட்டலத்தில் மடித்துவிடுகிறேன்.

என்ன கேட்டீர்கள்? ஒரே சட்டமா என்றா? ஆமாம், ஒரே சட்டம். நடுவில் 'வல்லக்குறிச்சி' என்று எழுதி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அப்படிச் செய்யத்தான் வந்தேன். பெரிய கண்ணாடியாகவே எடுங்கள்.

இருங்கள். கோடு போட்டுவிடாதீர்கள்.

இரண்டாகப் போடுங்கள். தனித்தனிச் சட்டம். இடது பார்க்கிறதுக்கு உங்கள் இஷ்டம்போல் எந்த அளவும் சரி. வலது பார்க்கிறது மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. அகலம் அதைவிட நாலு விரல் குறைச்சல். மேல்பக்கம் நேராக வேண்டாம், கொஞ்சம் வளைத்துவிடுங்கள், இல்லையென்றால் மேலே இடிக்கும். பின்னால் அட்டை வைக்காதீர்கள், தகரம் அடியுங்கள். விளக்கு எண்ணெய் இறங்கி இறங்கி அந்தச் சுவர் ஊறிக் கிடக்கிறது, அட்டை ஒரு வருஷம் தாங்காது. சட்டம் மெல்லிசாக இருக்கட்டும், முன்னால் செம்பு வைப்பார்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் எந்த மாடத்தையும் அளக்கவில்லை. ஒரு இடத்தில் நின்றால் கண்ணில் படாதா என்ன.

அந்த மஞ்சள் துணியைத் தூரப் போட்டுவிடாதீர்கள். அதோடேயே வைத்துவிடுங்கள். புத்தகத்தில் எப்படி இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். முடிந்ததும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் போதும், நானே கொண்டுபோய்விடுவேன். கீழப்பட்டிக்கு இங்கிருந்து பஸ் எந்தப் பக்கம் நிற்கிறது? தண்ணீர்த் தொட்டிக்கு எதிரிலா? சரி. தங்கப்பழம் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகவேண்டும். இருந்தாலும் இருக்கட்டும்.

எவ்வளவு நேரம் ஆகும்? ஆகட்டும், ஆகட்டும். நான் இருக்கிறேன். இந்தச் சட்டத்தில் இன்னும் ஓர் ஓரம் பாக்கி இருக்கிறது, ஆணி துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. குறடு எங்கே வைத்தேன்? ஆங், இங்கேதான்.